யூடியூப் காலத்தில் பப்ளிக் ஆக்சஸ் டிவி எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நான் குடியிருக்கும் ஊரில் ஒரு மக்கள் தொலைக்காட்சி நிலையம் இருக்கிறது. வேலை முடிந்த மாலைகளில் அங்கே போய் கேமரா பிடிப்பேன். இதைச் சொன்னதும் நண்பர்கள், உறவினர்கள், ஊருக்குப் புதிதாக வந்த தமிழர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

பப்ளிக் ஆக்சஸ் டிவின்னா என்ன? நம்ம ஊர் லோக்கல் கேபிள் சேனல் மாதிரியா?

பார்க்க அப்படித் தெரியும். ஆனால் அடிப்படை வேறு. நம் ஊர் லோக்கல் சேனல் கேபிள்காரருடையது, அல்லது அவரிடம் இடம் பிடித்த ஒருவருடையது. விளம்பரம் வாங்கி ஓட்டுவார், எதைப் போடுவது என்றும் அவரே முடிவு செய்வார். பப்ளிக் ஆக்சஸ் சேனலில் எது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கேபிள் கம்பெனிக்குக் கிடையாது. ஊரில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் நிலையத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு, அங்கிருக்கும் கேமராவிலும் ஸ்டூடியோவிலும் நிகழ்ச்சி எடுத்து ஒளிபரப்பலாம். வணிக விளம்பரம் கூடாது.

பொதுமக்களுக்கு ஒன்று, பள்ளி கல்லூரிகளுக்கு ஒன்று, உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு ஒன்று என்று மூன்று வகைச் சேனல்கள் உண்டு. மூன்றையும் சேர்த்து பி.இ.ஜி. (பப்ளிக், எஜுகேஷன், கவர்ன்மென்ட்) சேனல்கள் என்பார்கள். சிறிய ஊர்களில் மூன்று வேலையையும் ஒரே நிலையம் பார்த்துக்கொள்ளும். நாடு முழுவதும் தெரியும் பி.பி.எஸ். என்ற பொதுத் தொலைக்காட்சி வேறு, இது வேறு.

இதை யாரு ஆரம்பிச்சது? அரசாங்கமா?

ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் ஆவணப்படக்காரர் ஜார்ஜ் ஸ்டோனி என்பேன். ஆனால் அவருக்கு முன்பே கனடாவில் விதை விழுந்துவிட்டது. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ தீவுக்குப் போய் மீனவர்களைப் படம் எடுத்தது. தீவைக் காலி செய்து மக்களை வேறு இடத்தில் குடியேற்றும் பேச்சு அடிபட்ட நேரம் அது. எடுத்த படத்தை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர் என்ன நினைக்கிறார் என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. பிறகு அதையே அரசு அதிகாரிகளும் பார்த்தார்கள். கடைசியில் மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு தீவிலேயே தங்கிவிட்டார்கள்.

ஃபோகோ படங்களை எடுத்தது வாரியத்தின் ‘சேலஞ்ச் ஃபார் சேஞ்ச்’ திட்டம். அதன் பொறுப்பை அடுத்த ஆண்டு ஏற்றவர் ஸ்டோனி. நியூயார்க் திரும்பியதும் ரெட் பர்ன்ஸ் என்ற பெண்மணியுடன் சேர்ந்து 1971இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையத்தைத் தொடங்கினார். தோளில் மாட்டிக்கொண்டு ஒரே ஆள் படம் பிடிக்கக்கூடிய சோனி போர்ட்டாபேக் கருவி அப்போது புதிது. அதே 1971 ஜூலையில் மன்ஹாட்டனில் பொதுமக்களுக்கான கேபிள் சேனல்கள் ஓடத் தொடங்கின.

அரசு பின்னால்தான் வந்தது. மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1972இல் பெரிய நகரங்களின் கேபிள் கம்பெனிகள் இத்தகைய சேனல்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. அப்படி விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1984இல் நாடாளுமன்றம் இயற்றிய கேபிள் சட்டம் அந்த உரிமையை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. இன்றைக்கும் எல்லாம் அந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

காசு யாரு தர்றாங்க? வரிப்பணமா?

உங்கள் கேபிள் பில்லை எடுத்துப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் ‘ஃபிரான்சைஸ் ஃபீ’ என்று ஒரு தொகை இருக்கும். சில ஊர்களில் அதற்குக் கீழே ‘பி.இ.ஜி. ஃபீ’ என்று இன்னொரு தொகையும் இருக்கும். கேபிள் கம்பெனி ஊரின் தெருவைத் தோண்டுகிறது, தெருவோரமாகக் கம்பி இழுக்கிறது. அதற்கு ஊர் வாங்கும் வாடகைதான் ஃபிரான்சைஸ் கட்டணம். கேபிள் டிவியில் வரும் மொத்த வருவாயில் 5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1984 சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது.

அந்தப் பணம் முழுவதும் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில ஊர்கள் அப்படியே கொடுத்துவிடுகின்றன, சில பாதி கொடுக்கின்றன, சில பொதுக் கணக்கில் போட்டுச் சாலைக்குச் செலவழிக்கின்றன. பி.இ.ஜி. கட்டணத்தை எடுத்துக்கொண்டால், 5 சதவீதத்துக்கு மேல் வாங்கும் அந்தத் தொகையைக் கருவிகள், கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு மட்டும்தான் பொதுவாகப் பயன்படுத்த முடியும். புதுக் கேமரா வாங்கலாம், அதைப் பிடிப்பவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பல நிலையங்களில் நல்ல கருவிகள் பூட்டிக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

நம்ம பொங்கல் விழாவை இதுல போடலாமா?

தாராளமாக. ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலான நிலையங்கள் இலவசமாகவோ சிறிய கட்டணத்துக்கோ பயிற்சி தருகின்றன. விழா நடக்கும் வார இறுதிக்குக் கேமராவைக் கடனாகவும் கொடுப்பார்கள்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினால் அந்தப் பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி வரும். ‘உரிமை எல்லாம் என்னிடம் இருக்கிறது’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் நீங்கள்தான். பறை, கும்மி, பாரதியார் பாட்டை நேரடியாகப் பாடுவது என்றால் இந்தத் தலைவலி இல்லை. ஸ்பான்சர் கடையின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்கலாம். ஆனால் ‘தீபாவளித் தள்ளுபடி’ என்று விலை சொல்லி அழைத்தால் விளம்பரமாகிவிடும்.

அதான் யூடியூப் இருக்கே. இன்னும் எதுக்கு இந்தச் சேனல்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. 1971இல் ஒளிபரப்ப இடம் கிடைப்பது அரிது. இன்றைக்கு அந்த இடம் எல்லோர் பையிலும் இருக்கிறது. ஒளிபரப்பு மட்டும்தான் இந்த நிலையங்களின் வேலை என்றால் அவற்றை எப்போதோ மூடியிருக்கலாம்.

வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக் குழுக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபச் சுவரில் மூன்று கேமராக்கள். பக்கத்து அறையில் ஒருவர் ஜாய்ஸ்டிக்கால் அவற்றைத் திருப்புவார், இன்னொருவர் காதில் ஹெட்ஃபோனோடு ஒலியைக் கவனிப்பார். ஒருநாள் பள்ளிப் பேருந்தின் தடத்தை மாற்றுவது பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, மைக் இல்லாமலே பேச ஆரம்பித்தார். மண்டபத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது, பதிவில் ஒரு வார்த்தை விழவில்லை. நிலைய ஊழியர் கையில் வயர்லெஸ் மைக்கோடு ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றார். குழுத் தலைவர் அந்த அம்மாவை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். அவருடைய கேள்வி ஊர்ப் பதிவில் ஏறியது அப்படித்தான். யூடியூப் அந்தப் பதிவை வாங்கி வைத்துக்கொள்ளும். மைக்கோடு ஓடும் ஆளை அனுப்பாது.

இரண்டாவது விஷயம், கற்றுக்கொடுப்பது. ஓய்வுபெற்ற தபால்காரர், பள்ளி மாணவி, வந்து சில மாதங்களே ஆன பிரேசில்காரர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எடிட்டிங் கற்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, யூடியூப் ஒரு கம்பெனியின் சொத்து. எதை மேலே காட்டுவது, எதை நீக்குவது என்பது அதன் விருப்பம். பப்ளிக் ஆக்சஸ் உங்களுக்குச் சட்டம் கொடுத்த இடம். என்னைக் கேட்டால் இரண்டிலும் போடுங்கள் என்பேன். எங்கள் நிலையம் உட்படப் பல நிலையங்கள் அப்படித்தான் செய்கின்றன.

உண்மையா சொல்லுங்க, இதை யாராவது பாக்குறாங்களா?

எந்த இரவிலும் எல்லோரும் பார்ப்பதில்லை. தன் தெருவில் அடுக்குமாடி வரப்போகிறது என்ற இரவில் அந்தத் தெருவே பார்க்கும். மற்றபடி வீட்டை விட்டு வெளியே போக முடியாத முதியவர்கள் பலர் தொடர்ந்து பார்ப்பவர்கள். கடையில் என்னைப் பார்த்து, ‘நேற்றுக் கூட்டத்தில் சத்தம் சரியாக வரவில்லை’ என்று புகார் சொல்பவர்களும் அவர்கள்தான்.

பார்வையாளர் குறைவுக்கு ஒரு பங்கு காரணம் சேனல் வைக்கப்பட்டிருக்கும் விதம். மற்ற சேனல்கள் எச்.டி.யில் வரும்போது இவற்றைப் பல இடங்களில் பழைய தரத்திலேயே விடுகிறார்கள். திரையில் வரும் நிகழ்ச்சிப் பட்டியலில் நிகழ்ச்சியின் பெயர் இருக்காது, ‘உள்ளூர் நிகழ்ச்சி’ என்று மட்டும் இருக்கும். ஏடி அண்ட் டி கம்பெனி யூ-வெர்ஸ் என்ற டிவி சேவையைத் தொடங்கியபோது எல்லா ஊர்ச் சேனல்களையும் 99 என்ற ஒற்றை எண்ணுக்குள் அடைத்தது. அங்கே போய் மெனுவில் தேடித்தான் உங்கள் ஊரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடிக்க முடியாத இடத்தில் வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யார் வேணா பேசலாம்னா, வெறுப்பைக் கக்குறவன் வந்தா என்ன பண்ணுவீங்க?

வந்திருக்கிறார்கள். 1988இல் மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் நிகழ்ச்சி போடக் கேட்டார்கள். அவர்களைத் தடுப்பதற்காக நகர மன்றம் அந்தப் பொதுச் சேனலையே ஒழித்தது. வழக்கு வந்தது. அடுத்த ஆண்டு சேனலைத் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெறுப்பவர் ஒருவருக்குப் பயந்து மற்ற எல்லோருடைய இடத்தையும் பிடுங்கினால் நஷ்டம் யாருக்கு என்பதை அந்த ஊர் பார்த்துவிட்டது. என் அனுபவத்தில், அப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குச் சரியான மறுமொழி அதே சேனலில் அடுத்த மணி நேரத்தில் வேறொரு நிகழ்ச்சி.

சட்டம் இதில் இன்னும் குழப்பமாகவே இருக்கிறது. ஆபாசம் என்று தோன்றுவதைக் கேபிள் கம்பெனியே இந்தச் சேனல்களில் மறுக்கலாம் என்ற விதியை 1996இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் 2019இல், மன்ஹாட்டன் சேனல்களை நடத்தும் தனியார் அறநிலையம் தன்னை விமர்சித்த இரு தயாரிப்பாளர்களை விலக்கிய வழக்கில், அந்த நிறுவனம் அரசின் அங்கம் அல்ல, ஆகவே பேச்சுரிமைச் சட்டத்திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. நடத்துபவரைக் கேள்வி கேட்கவும் இடமிருந்தால்தானே அது மக்கள் சேனல்.

எல்லாரும் கேபிளை கட் பண்றாங்களே, அப்புறம் காசு?

உண்மையான ஆபத்து இதுதான். மேலே சொன்ன 5 சதவீதம் கேபிள் டிவி வருவாயில் மட்டும். அதே கம்பெனி, அதே கம்பி, அதே தெரு வழியாக வரும் இன்டர்நெட்டுக்கு அந்தக் கட்டணம் இல்லை. கேபிள் வழி இன்டர்நெட்டை ‘தகவல் சேவை’ என்று எஃப்.சி.சி. 2002இல் வகைப்படுத்தியதிலிருந்து இப்படித்தான். நீங்கள் கேபிள் டிவியை நிறுத்திவிட்டு இன்டர்நெட்டை மட்டும் வைத்துக்கொண்டால் கம்பெனிக்கு மாதா மாதம் பணம் வந்துகொண்டே இருக்கும், ஊருக்கு வாடகை நின்றுவிடும்.

கேபிளை வெட்டுவது பரவுவதற்கு முன்பே அடி விழத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு ஊரோடும் தனித்தனியாகப் பேசுவதற்குப் பதில் மாநில அரசிடம் ஒரே உரிமம் வாங்கினால் போதும் என்ற சட்டத்தை 2005இல் டெக்சாஸ் கொண்டுவந்தது. யூடியூப் பிறந்த ஆண்டும் அதுதான். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா. ஸ்டூடியோ நடத்தும் பொறுப்பிலிருந்து கேபிள் கம்பெனி அங்கே விடுபட்டது. 2009 தொடங்கும்போது லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பொதுமக்கள் பயன்படுத்திவந்த ஸ்டூடியோக்கள் மூடப்பட்டன.

2019இல் எஃப்.சி.சி. இன்னொரு விதி போட்டது. கம்பெனி பணமாகத் தராமல் சேவையாகத் தருவதற்கும் விலை போட்டு அந்த 5 சதவீதத்துக்குள் கழித்துக்கொள்ளலாம் என்றது. ஊர்கள் வழக்குப் போட்டன. சந்தை விலையைக் கழிக்கக் கூடாது, கம்பெனிக்கு உண்மையில் ஆகும் கூடுதல் செலவை மட்டும் கழிக்கலாம் என்று 2021இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதனால் அடி ஓரளவு குறைந்தது.

நெட்ஃபிளிக்ஸ்கிட்ட வாங்கிட வேண்டியதுதானே?

பல ஊர்கள் முயன்றன. நெட்ஃபிளிக்ஸ், ஹூலு மேல் வழக்குப் போட்டன. பெரும்பாலும் தோல்விதான். ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னதும் அதுவே: அவர்கள் தெருவில் கம்பி இழுக்கவில்லை, ஆகவே வீடியோச் சேவை உரிமம் வாங்கத் தேவையில்லை.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கம்பி இழுத்தவர் கையிலிருந்து இன்டர்நெட்டுக்கு வாடகை வாங்குவதை முந்தைய பதிலில் சொன்ன வகைப்பாடு தடுக்கிறது. இரண்டு கதவும் சேர்ந்து மூடினால் ஊர் எங்கே போகும்? மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் ஸ்ட்ரீமிங் கம்பெனிகளிடம் கட்டணம் வாங்கும் மசோதாக்கள் வந்திருக்கின்றன. தெருவின் வாடகைக்கு இன்டர்நெட் வருவாயையும் கணக்கில் எடுப்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து. அதற்கு மத்தியச் சட்டம் மாற வேண்டும்.

கோவிடுக்கு அப்புறம் கூட்டமெல்லாம் ஜூம்ல வருது. நகராட்சியே ரெக்கார்ட் பண்ணிட்டா போதாதா?

பதிவு கிடைக்கும், அது வேண்டும்தான். ஆனால் பதிவுப் பொத்தான் கூட்டம் நடத்துபவரின் கையில் இருக்கிறது. சங்கடமான இடத்தில் நிறுத்தவும், தாமதமாகப் போடவும் அவரால் முடியும். கேமரா வேறொருவர் கையில் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடிக்கொண்டே வரும் நாட்டில், பல ஊர்களில் கூட்டத்தில் கடைசிவரை உட்காரும் வெளியாள் நிலையத்தின் கேமராக்காரர் மட்டும்தான்.

பழைய டேப்பெல்லாம் வெச்சு என்ன பண்றது?

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1980களில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயராக இருந்தவர் பெர்னி சாண்டர்ஸ். அப்போது உள்ளூர் மக்கள் சேனலில் அவரே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். கடைத்தெருவிலும் பூங்காவிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்களிடம் பேசுவார். அந்த நிலையம் டேப்புகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான், அவர் அதிபர் தேர்தலில் நின்றபோது நாடே அவற்றைப் பார்க்க முடிந்தது.

வீடியோ டேப்பின் காந்தப் பூச்சு உதிரும், ஓட்டும் கருவியும் கிடைக்காமல் போகும். பல நிலையங்கள் தங்கள் பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றிவருகின்றன. உங்கள் ஊர் நிலையத்தின் பின்னறையில் டேப் அடுக்கு இருந்தால் அதை டிஜிட்டலாக மாற்ற உதவுங்கள். தன்னார்வலர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை அது.

மத்த நாட்டுல எப்படி சமாளிக்கிறாங்க?

ஜெர்மனியில் ‘திறந்த சேனல்’ 1984இல் லுட்விக்ஸ்ஹாஃபனில் தொடங்கியது. அங்கே டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் ஒலிபரப்புக் கட்டணம் கட்டுகிறது. அதில் ஒரு சிறு பங்கு, ஏறத்தாழ 2 சதவீதம், மாநில ஊடக ஆணையங்களுக்குப் போகிறது. மக்கள் சேனல்களுக்கு அவை பணம் தருகின்றன. கேபிளை வெட்டினாலும் அந்த வருவாய் நிற்காது. நான் பார்த்ததில் உறுதியான ஏற்பாடு இதுதான். ஆனாலும் ஒவ்வொரு மாநிலமும் தாராளமாக இருப்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. ‘இணையத்துக்குப் போங்கள், அலைவரிசையை விடுங்கள்’ என்று 2014இல் அரசு சொன்னது. சிட்னி நிலையம் 2015 இறுதியில் ஒளிபரப்பை நிறுத்தியது, பெர்த் 2020இல். மெல்பர்ன், அடிலெய்டு நிலையங்கள் ஒவ்வொரு கெடுவையும் போராடித் தள்ளிப்போட்டு வானில் நீடித்தன. இணையத்துக்குப் போனால் தானாகப் பிழைத்துவிடும் என்பவர்களுக்கு அந்த நாட்டைத்தான் காட்டுவேன்.

இந்தியாவுல ஏன் இது வரல?

அருகில் வந்து நின்றோம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இஸ்ரோ 1975இல் தொடங்கிய திட்டத்தில், பிஜ் என்ற ஊரின் சிறிய ஒளிபரப்பியிலிருந்து கிராம மக்களைப் பற்றி, அவர்கள் பங்கேற்ற நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. யுனெஸ்கோவின் பரிசும் கிடைத்தது. ஆனால் நாடு முழுக்க அது பரவவில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தெளிவாகச் சொன்னது. அதன் பலன் வானொலிக்குத்தான் வந்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி அனுமதி கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று முதலாவதாக ஒலித்தது நமக்குப் பெருமை.

டிவிக்கு அப்படியொரு கொள்கை வரவே இல்லை. நம் ஊர் கேபிள் தொழில் வளர்ந்தபோது தெருவுக்கு வாடகை வாங்கி அதில் மக்களுக்கு ஸ்டூடியோ கட்டலாம் என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் கிராம சபைக் கூட்டத்தை யாரோ ஒரு இளைஞர் தன் போனில் நேரலை போடுகிறார். அவருக்கு ஒரு மைக்கும் சம்பளமும் கொடுக்க ஆள் இல்லை என்பதில்தான் நம் ஊரும் அமெரிக்க ஊரும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

சேனலே போயிட்டா நிலையமும் போயிடுமா? நான் என்ன பண்ண முடியும்?

சேனல் எண் போனால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பல நிலையங்கள் இப்போதே இன்டர்நெட் வழியாக டிவி பார்க்கும் ரோக்கு, ஆப்பிள் டிவி செயலிகளில் இருக்கின்றன. பாட்காஸ்ட் அறை நடத்துகின்றன, கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் வைக்கின்றன. போகக் கூடாதது கட்டடம், கருவி, சொல்லிக்கொடுக்கும் ஆள், கூட்டத்துக்குப் போகும் ஆள். அவற்றுக்கான பணம் இன்னும் கேபிள் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்கிறது.

ஆகவே உங்கள் ஊர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். உள்ளாட்சியே ஒப்பந்தம் போடும் மாநிலங்களில், முடிவதற்கு மூன்றாண்டு முன்பே புதுப்பிக்கும் நடைமுறை தொடங்கிவிடும். ஊரின் தேவை என்ன என்று கேட்கும் பொதுக் கூட்டம் அதில் ஒரு பகுதி. பெரும்பாலும் நாற்காலிகள் காலியாகவே இருக்கும். அங்கே போய், வருகிற ஃபிரான்சைஸ் பணத்தில் நிலையத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு, பதிலைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் கேபிளை நிறுத்திவிட்டவராக இருந்தாலும் கேட்கலாம். தெரு உங்களுடையதும்தான்.